நாலு திசைக்கு நாலு பேர்

ஹைதராபாத்துக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, பெண்டாட்டியை அழைத்து வர. ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். மூன்று வாரம் கோயமுத்தூரில் என்னோடு இருந்தாள். லீவு முடிந்ததும் கச்சிபௌலியில் இருக்கிற தன் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டாள். தீபாவளிக்குள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகப் பேச்சு. தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போவது, திரும்பும்போது உஷாவையும் அவளுடைய நான்கு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வருவது. இதுதான் என் திட்டம்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதை அந்தக் கம்பெனிகளில் 'பேப்பர் போடுவது' என்கிறார்கள். பேப்பர் போட்டுவிட்டதாக உஷா ஒரு மாதத்துக்கு முன்பே போனில் சொல்லியிருந்தாள். அன்றைக்கு நான் தெரு முழுக்க மைசூர்பா கொடுத்தேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது, நானும் அம்மாவும்தான். "அம்மா தனியா கஷ்டப்படறாங்க, மருமக கூட இருக்கோணும்னு ஆசைப்படறாங்க" என்று உஷாவிடம் சொன்னவன் நான். அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சத்துணவு மையத்தில் வேலை பார்க்கிறவள், சாயங்காலம்வரை வீட்டிலேயே இருக்கமாட்டாள். உஷா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்குத்தான். அதை நேராகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவை முன்னால் நிறுத்தினேன்.

என் குணம் ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் எதிர் ஜன்னலில்தான் நல்ல காட்சி ஓடுவதாகத் தோன்றும். ஓட்டலில் அடுத்த மேஜைத் தோசைதான் முறுகலாகத் தெரியும். பீளமேட்டில் பம்ப் கம்பெனி ஒன்றில் நாள் முழுவதும் ஓடுகிற மோட்டார்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் வந்த வியாதி என்று உஷா சிரிப்பாள். செகந்திராபாதில் இறங்குவதற்குள் ரயில் பெட்டியில் ஆறு இடம் மாறியிருந்தேன்.

ஸ்டேஷனுக்கு உஷா வரவில்லை. ஆபீசில் ஏதோ அவசரமாம். மாமாதான் ஸ்கூட்டரோடு நின்றார். லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா காலத்திலேயே குடியாத்தம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவர்கள் பேச்சில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. மீதியெல்லாம் அப்படியே வட ஆற்காட்டுத் தமிழ்.

"இன்னா மாப்ளே, கைக்கு இம்மாம் பெரிய பொட்டி?"

"உஷா சாமானை எடுத்துட்டுப் போறதுக்குங்க மாமா. இது காலிப் பெட்டிங்க."

மாமா ஒரு நிமிடம் பெட்டியைப் பார்த்தார். பிறகு அதைக் கால் வைக்கும் இடத்தில் செருகினார். மேட்டில் ஏறும்போது ஸ்கூட்டர் நின்றுவிட்டது. மாமா அதை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஊஞ்சல் மாதிரி ஆட்டி, மறுபடி உதைத்தார். நான் தள்ளுகிறேன் என்று இறங்கினேன். வண்டி கிளம்பி என்னை விட்டுவிட்டுப் போய், அடுத்த முனையில் இருந்த ஈரானி ஓட்டல் வாசலில்தான் நின்றது.

அந்த டீ பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சி, டீயைத் தனியாகக் கொதிக்க வைத்து, கடைசியில் சேர்க்கிறார்கள். கூடவே தொட்டுக்கொள்ள இனிப்பும் உப்புமாக ஒரு பிஸ்கட். சிறுவாணித் தண்ணீரில் காபி குடித்து வளர்ந்த நாக்கு எனக்கு. அதனால் "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு மூன்று கப் குடித்தேன்.

அடுத்த நாள் உஷாவோடு நானும் ஆபீசுக்குக் கிளம்பினேன். கம்பெனி கொடுக்கும் விடுவிப்புக் கடிதத்தை அன்றே வாங்கிவிட வேண்டும், அது கையில் வந்தால்தான் எனக்கு நிம்மதி. உள்ளூர் ரயில் அந்த ஊருக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன, நல்ல ஏற்பாடு. உஷா பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். அதற்கடுத்த பெட்டி காலியாக இருப்பதாகத் தெரிந்தது. பேகம்பேட்டையில் இறங்கி ஓடினேன். நான் ஓடி முடிப்பதற்குள் ரயில் ஓடிவிட்டது.

பிளாட்பாரத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் மனைவியிடம் தெலுங்கில் சொன்னார். எனக்குப் புரிந்த மட்டில், "நல்லா உட்கார்ந்திருந்தான், தானே இறங்கி தானே ஓடுறான், பாவம்" என்பதுதான் அது. அந்த அம்மா என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தாள்.

ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் வழி நெடுகக் கட்டிடங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். "போன வருஷம் இங்கே பாறை, அதுக்கு முந்தின வருஷம் ஆடு மேயும். இப்போ பாருங்க, கண்ணாடி. ஆட்டுக்காரன் இப்போ அதே வாசல்ல காவலாளி" என்று இந்தியில் சொன்னார். ஒரு நாற்சந்தியில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். சுற்றிலும் கம்பெனி வேன்கள், ஸ்கூட்டர்கள், கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போகும்போது என் பெண்டாட்டி ஒருத்தி குறைந்தால் இந்த ஊருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் என்னை உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உஷா கட்டிடத்தை விட்டு வெளியே வந்தாள். நேராக வரவில்லை. பாதி வழியில் நான்கு பேர் அவளை நிறுத்தி ஒரு காகிதத்தை நீட்டினார்கள். உஷா பேனாவை வாங்கி அதில் ஏதோ கோடு போட்டாள், ஒருவனைப் பார்த்துச் சலிப்போடு தலையில் கைவைத்தாள், எல்லோரும் சிரித்தார்கள், கலைந்து ஓடினார்கள். கோயமுத்தூரில் அவள் இருந்த மூன்று வாரத்தில் இப்படி ஒரு உஷாவை நான் பார்க்கவே இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"லெட்டர் வாங்கிட்டியா?"

"ஹெச்.ஆர். மேடம் லீவுங்க. தீபாவளி முடிஞ்சுதான் வருவாங்களாம். நீங்க ஏன் பேகம்பேட்டையில இறங்கினீங்க?"

கேள்வியை மாற்றிவிட்டாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பேகம்பேட்டைக்கு விளக்கம் சொல்வதிலேயே மத்தியானம் போய்விட்டது.

மூன்றாம் நாள் தீபாவளி. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, இட்லியும் கறிக்குழம்புமாக அத்தை போட்ட போட்டில் நிமிர முடியவில்லை. இன்னொரு இட்லி நக்கோ என்று சொல்லக் கற்றுக்கொண்டது அன்றுதான். எங்கள் ஊரில் என்றால் அந்த நேரத்துக்குத் தெருவே புகையில் மூழ்கியிருக்கும். இந்த ஊரில் பட்டாசு சாயங்காலம்தான். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். பட்டாசுக் கட்டு எங்கே என்று கேட்டேன்.

"நம்ம வீட்ல வெடிக்கிறது கிடையாது மாப்ளே. பார்க்குறதுதான்" என்றார் மாமா.

காரணம் இது. மாமா வேலையில் இருந்தபோது அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் எண்ணெய் டாங்கிகள். அந்த வரிசையில் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தக் கூடாது. ஆகவே தீபாவளிச் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊர் வெடிப்பதைப் பார்ப்பார்கள். நாலு பக்கமும் வாணம் போகும். உஷாவும் அவள் அண்ணனும் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் போச்சு என்று ஒவ்வொரு வருஷமும் அடித்துக்கொண்டு அழுதார்களாம். மாமா பார்த்தார். ஏலத்தில் எடுத்த பழைய ரயில் பெட்டிப் பலகைகளை அடித்து ஒரு சதுரமான மேடை செய்தார். நாலு பக்கத்துக்கு நாலு பேர். ஆளுக்கு ஒரு திசை. அவரவர் திசையை மட்டும் பார்க்க வேண்டும், பார்த்ததை மற்ற மூன்று பேருக்கும் சத்தமாகச் சொல்ல வேண்டும். திரும்பக் கூடாது. யாருக்கும் எதுவும் தப்பாது.

சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் அதே வழக்கம், அதே மேடை. மாமாவுக்குத் தெற்கு, அத்தைக்கு வடக்கு, உஷாவுக்கு மேற்கு. கிழக்கு அவள் அண்ணனுடையது. அவன் கம்பெனி வேலையாக அமெரிக்கா போய்விட்டான்.

"கிழக்கு இனிமே உங்களுது மாப்ளே" என்று மாமா சொன்னபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலை தீபாவளிக்கு மோதிரம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். திசை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

இருட்ட ஆரம்பித்ததும் ஏறினோம். ஆளுக்கொரு டப்பாவில் முறுக்கும் பாதுஷாவும், ஏனென்றால் திரும்பி எடுக்கக் கூடாது. டீ பிளாஸ்க் மட்டும் தோளுக்கு மேலாகக் கை மாறும். கிழக்குக்கு நேர் எதிர் மேற்கு, எனவே எனக்கும் உஷாவுக்கும் முதுகோடு முதுகு. மாமனார் மாமியார் முன்னால் இவ்வளவு நெருக்கமாக உட்கார அனுமதிக்கிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை.

அவர்களுக்கென்று ஒரு பாஷை இருந்தது. விரிந்து கவிழ்ந்தால் குடை. ஒன்றிலிருந்து பல பிரிந்தால் கொத்து. போகாமல் விழுந்தால் புஸ். ஒன்றும் இல்லையென்றால் காலி.

"தெற்கு. கொத்து. சிவப்பு" என்றார் மாமா, ஸ்டேஷன் ஒலிபெருக்கி மாதிரி.

"மேற்கு. குடை, பச்சை! செம உயரம்" என்றாள் உஷா.

"வடக்கு. தங்கக் கொத்து. அப்பா, எம்மாம் நேரம் நிக்குது!" என்றாள் அத்தை.

"கிழக்கு. காலிங்க" என்றேன் நான்.

என் கிழக்கில் ரயில்வே நிலம், புளியமரங்கள், அதற்கு அப்பால் ஒரு வரிசை ஓட்டு வீடுகள். காலி, காலி, புஸ், காலி. மற்ற மூன்று திசையிலும் உலகமே பூத்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் புளியமரம். கழுத்து அரித்தது. உஷா "ஏழு குடை வரிசையா!" என்று கூவியதும் லேசாகத் திரும்பினேன்.

"நக்கோ மாப்ளே! திரும்ப நக்கோ!" மாமாவுக்கு எப்படித் தெரிந்ததோ.

எல்லோரையும்விட அத்தைக்குத்தான் யோகம். தங்க மழை என்பாள், நீலத்துக்குள் வெள்ளை என்பாள், ஒன்று வெடித்து அதிலிருந்து மீன் குஞ்சுகள் மாதிரி ஓடுகிறது என்பாள். கால் மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. உடம்பை முழுசாகத் திருப்பி வடக்கே பார்த்தேன்.

சுவர். ஐந்து மாடிச் சுவர், பூச்சுகூட இல்லாதது. பத்தடி தூரத்தில் நின்றது. ஒரு கழிவுநீர்க் குழாய், இரண்டு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். மாடிக்கு ஏறும்போதே அந்த அபார்ட்மெண்டைப் பார்த்திருந்தேன். எது எந்தத் திசை என்று அப்போது யோசிக்கவில்லை. அத்தை அந்தச் சுவருக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, "வடக்கு. ஊதா கொத்து" என்றாள்.

"அத்தை, உங்க பக்கம் செவுருதானுங்க இருக்குது?"

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. மாமா தெற்கைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"ரெண்டு வருஷமா செவுருதான் மாப்ளே" என்றாள் அத்தை. கோபம் இல்லை. "அவரு கூட சொன்னாரு, என் பக்கம் மாத்திக்கோன்னு. நான்தான் நக்கோன்னேன். இருபது வருஷமா இந்தப் பக்கம் பாத்துனு இருந்தேன், எல்லாம் ஞாபகம் இருக்கு. அதான் ஒண்ணொண்ணா சொல்றேன். இப்ப சொன்னேனே ஊதா, அது உஷா நாலாங்கிளாஸ் படிக்க சொல்லோ வந்தது. நான் பாக்காத ஒண்ணையும் சொல்லலை."

வெட்கத்தோடு கிழக்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருப்பவன் புத்திசாலி. நான் தமாஷ் பண்ணிச் சமாளிக்கப் பார்த்தேன்.

"நல்ல குடும்பம் போ. ஏன் உஷா, நீ பேப்பர் போட்டேன்னு சொன்னியே, அதுவும் இப்பிடித்தானா?"

முதுகுக்குப் பின்னால் உஷா முறுக்கு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"ஹவ்" என்றாள் உஷா.

"என்ன ஹவ்? போடலியா?"

"போடலை."

"அப்ப ஹெச்.ஆர். லீவுன்னது?"

"அதுவும்தான்." அவள் மேற்கைப் பார்த்தபடியேதான் பேசினாள். குரல் என் முதுகெலும்பு வழியாக வந்தது. "நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டீங்க. ஒரு நாள் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். உங்க குரலே மாறிடுச்சு, அவ்ளோ சந்தோஷம். அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு தீபாவளியே வந்துடுச்சு. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குங்க. என் டீம்ல ஏழு பேர். என்னால விட முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. தெரு முழுக்கக் கொடுத்த மைசூர்பா ஞாபகம் வந்தது. எழுந்து கீழே போய், காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும் என்று கால் துடித்தது.

"தெற்கு. கொத்து. ரெண்டு" என்றார் மாமா, தொண்டையைச் செருமிக்கொண்டு. எங்களைக் கவனிக்காத மாதிரி நடித்தார். கொஞ்சம் பொறுத்து, "வடக்கு?" என்று கேட்டார்.

"வடக்கு. தங்க மழை" என்றாள் அத்தை மெதுவாக.

போக முடியவில்லை. அவள் ஒரு பொய் சொன்னாள் என்றால் அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியிருந்தேன். முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதைச் சாகும்வரை சொல்லியிருக்கமாட்டேன். முன்னால் புளியமரம் மட்டும் இருந்ததால் சொன்னேன்.

"எங்கம்மா உன்னைய வரச் சொல்லவே இல்ல உஷா. நானாத்தான் அவங்க பேரைச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பிடி?"

"போன மாசம் உங்கம்மா போன் பண்ணாங்க. அவன் என்ன சொன்னாலும் வேலையை விட்றாத கண்ணுன்னாங்க. உங்ககிட்ட சொல்லவேண்டாம்னும் சொன்னாங்க."

"தெரிஞ்சிருந்துமா கேக்காம இருந்தே?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்." பிறகு கேட்டாள். "எதுக்கு உங்கம்மா பேரைச் சொன்னீங்க?"

"நீயில்லாம எனக்கு இருக்க முடியல. அதைய எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல."

மாமனாரும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருக்க இதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை, அவ்வளவு லேசாக உணர்ந்ததும் இல்லை.  உஷாவின் முதுகு என் முதுகில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சாய்ந்தது.

"கிழக்கு!" என்று அதட்டினார் மாமா. "மாப்ளே, கிழக்கு இன்னா ஆச்சு? ரொம்ப நேரமா சத்தமே இல்ல."

ஓட்டு வீட்டு வரிசையிலிருந்து ஒரு சின்ன ராக்கெட் கிளம்பி, கோணலாகப் போய், புளியமரத்துக்குள் விழுந்து பச்சையாக ஒரு தரம் மின்னியது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். நல்லாச் சொன்னீங்க என்று அத்தை பாராட்டினாள்.

நான்காம் நாள் கிளம்பிவிட்டேன். என் லீவு அவ்வளவுதான். உஷா அரை நாள் பர்மிஷன் போட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு மாசம் யோசிக்கலாம் என்றாள். எதை யோசிப்பது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்து வந்தாள், பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றாள். கதவோரம் நின்று அவள் சின்னப் புள்ளியாகும்வரை பார்த்தேன். பிறகு ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்குமாக நடந்தேன். "தம்பி, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?" என்று ஒரு டிக்கெட் பரிசோதகர் கேட்டார். இல்லை என்றேன்.

கோயமுத்தூரில் வீட்டுக்கு வந்தபோது அம்மா மையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் என் தோளுக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். உஷா பேப்பர் போடவில்லை, இனியும் போடமாட்டாள், வரச் சொன்னது நான்தான், உன்ற பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், அவளுக்கு அது தெரியும் என்று.  அத்தை கொடுத்தனுப்பிய பாதுஷா டப்பாவை அம்மா என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"செரி, அவ வரல. அப்ப நீ எப்பக் கண்ணு போறே?" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.